கொல்லைப்பக்கம் பார்த்தவள்

வாசலில் ‘வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்கினால் போதும், மாமிக்குக் கால் தரையில் பாவாது. கையில் கறிகாய்ப் பை கனக்கும், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. “வாடி, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்” என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவாள்.

மயிலாப்பூரில் ஒரே வீட்டில் அவளும் நானும் ஒண்டுக்குடித்தனம். ஆறு குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு கிணறு. நான் கல்யாணமாகி வந்த புதுசு. அவள் என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். அதனால் அவள் எனக்கு மாமி, அவளுடைய கணவர் மாமா. மாமா பீச் ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் குமாஸ்தா. லஸ்ஸில் டிராம் ஏறினால் ஆபீஸ் பக்கத்தில் இறங்கிவிடலாம் என்பதால் அவருக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. குடியிருந்த ஆண்பிள்ளைகள் யாருக்குமே தெரியவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காலத்துப் பெண்கள் ஃபிளாட் பார்க்கப் போனால் மோட்டார் உண்டா, ஸ்கூட்டர் நிறுத்த இடம் உண்டா, சமையல் மேடை எந்தக் கல் என்று கேட்கிறார்கள். அப்போது நவநாகரிகம் என்றால் குழாய்த் தண்ணீர், எலெக்ட்ரிக் லைட், தனி வாசல். இந்த மூன்றும் இருந்துவிட்டால் வீட்டுக்காரர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். மாமி இது மூன்றையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கூடம், படுக்கை உள், சமையலறை எல்லாவற்றையும் விறுவிறுவென்று தாண்டி நேரே கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். கிணற்றடி எங்கே, அங்கிருந்து பார்த்தால் எது தெரிகிறது, பின்கட்டில் கதவோடு ஒரு அறை உண்டா, பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நாலு திசையிலும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பாள்.

“வாசல் வரவாளுக்குடி. கொல்லைதான் இருக்கறவாளுக்கு” என்பாள் என்னிடம்.

கூடவே ஒரு தரகர் வருவார். கக்கத்தில் குடையும் வாயில் வெற்றிலையுமாக மாடவீதிகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் மனிதர். அவருக்கு மாமியின் போக்கு பிடிபடவே இல்லை. “யம்மா, அல்லாரும் கொல்லைய கண்டா மூக்க பொத்திக்கினு ஓடியாறாங்கோ. நீ இன்னாடான்னா அங்கியே நின்னுக்கினு கீறே. அங்க இன்னாதான் கீது?” என்று நொந்துகொள்வார்.

தியாகராய நகரில் ஒரு ரிடையர்டு அதிகாரி தன் வீட்டின் கீழ்ப்பகுதியை விட நினைத்தார். சிவப்பு சிமெண்டுத் தரை முகம் பார்க்கலாம்போல் மின்னியது. அதை எங்களிடம் காட்டுவதற்காகவே வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாமி வழக்கம்போல் கொல்லைக்குப் போய்விட, என்னிடம் விசாரித்தார்.

“குழந்தைகள் எத்தனை?”

“இல்லை.”

“ஒண்ணுகூட இல்லையா? பேஷ்! சுவரெல்லாம் சுத்தமா இருக்கும். நான் தேடிண்டிருந்தது இப்படிப்பட்ட குடித்தனம்தான்.”

மாமி அதைக் கேட்டுக்கொண்டேதான் திரும்பி வந்தாள். அந்த வீட்டில் பின்கட்டு அறை ஒன்று இருந்தது, கதவும் இருந்தது. ஆனால் மாடியிலிருந்து வீட்டுக்காரர் குடும்பம் இறங்கும் படி நேராக அதன் வாசலில்தான் முடிந்தது. “காத்தே இல்லையே மாமா” என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவர் மேஜைமேல் வைத்திருந்த காகிதங்கள் அப்போது கூடம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. மனிதர் காகிதத்தைப் பிடிப்பதா எங்களைப் பிடிப்பதா என்று தவித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். ஒன்றில் முருங்கை மரம் ஆகாது. ஒன்றில் தெற்குப் பார்த்த வாசல். சாந்தோம் பக்கத்தில் அருமையான வீடு ஒன்று, உப்புக்காற்றில் பாத்திரம் கறுத்துவிடுமாம். எங்கள் வீட்டுக்கார அம்மாள் இவளுக்கு ‘கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். “இன்ஸ்பெக்டர் இன்னிக்கு எந்தத் தெரு?” என்று குழாயடியில் கேட்டால் எல்லோரும் சிரிப்போம். மாமியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அவள் எதற்காக வீடு தேடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒரு நடை உண்டு. ஒரு ஆள் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு குறுகல். வீட்டில் எந்தப் பெண் மாதவிலக்காகித் தூரமானாலும் மூன்று நாள் அங்கேதான் உட்கார வேண்டும். ஆறு குடும்பத்து ஆணும் பெண்ணும் பல் தேய்க்க, கால் கழுவ, துணி துவைக்க அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். எனக்கும் அது பிடிக்காதுதான். ஆனால் என்னை யாரும் நின்று பார்ப்பதில்லை. மாமிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மாசாமாசம் அவள் அங்கே பாயைப் போட்டதும் ஒவ்வொருத்தியும் ஒரு நிமிஷம் நிற்பாள். ‘ப்ச்’ என்பாள். “இந்த மாசமுமா?” என்பாள். சிலர் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, எல்லாம் பரிதாபம்தான். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் தை மாதம் வீட்டுக்கார அம்மாளின் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்தார்கள். ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார், தெருவில் பாதிப் பேர், வளையல்காரர், பந்தல் என்று வீடு கொள்ளாத கூட்டம். அன்றைக்குக் காலையில்தான் மாமி தூரமானாள். அத்தனை பேரும் கை கழுவப் போகிற வழியில், வளைகாப்பு நாளில், குழந்தையில்லாத அவள் பாய் விரித்து உட்கார வேண்டும்.

மாமி உட்காரவில்லை. தலைவலி என்று தன் உள்ளிலேயே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். அதோடு போயிருந்தால் சரி. சேவை பிழியக் கை போதவில்லை என்று வீட்டுக்கார அம்மாளே கதவைத் தட்டி, “தலைவலியாவது ஒண்ணாவது, எழுந்து வா” என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிழிந்தாள், பரிமாறினாள், பந்தியில் தண்ணீர் விட்டாள், குழாயைத் தொட்டாள், கிணற்றில் இறைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை.

பத்து நாள் கழித்துக் குழாயடியில் பேச்சு எழும்பியது. மாமி இந்த மாசம் உட்காரவில்லையே! ஒருத்தி தேதி சொன்னாள், இன்னொருத்தி அதைச் சரி என்றாள். வளைகாப்புப் பலகாரம் பிழிந்த கைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றாள் வீட்டுக்கார அம்மாள். மாமி முழுகாமல் இருக்கிறாள் என்று அவர்களாகவே தீர்மானித்துவிட்டார்கள். மாங்காய் வந்தது, புளிக்காய்ச்சல் வந்தது, குடத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மாசாமாசம் மூன்று நாள் மாமாதான் சமைப்பார். இந்தத் தடவை தன் முறை வரவில்லையே என்று அவரும் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் மெதுவாகக் கேட்டிருக்கிறார். மாமி தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இதன் உள்விஷயம் எனக்குத் தெரிந்தது அடையாற்றில். பாலம் தாண்டித் தோப்புகளுக்கு நடுவே ஒரு தனி வீடு. மாமி கொல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாக, “மாமி, இனிமே கொல்லையைப் பாத்து என்ன ஆகணும்? குழந்தை தவழக் கூடம் பெரிசா இருக்கான்னு பாருங்கோ” என்றேன். துவைக்கிற கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“உண்மையைச் சொல்லிடலாமே மாமி.”

“என்னன்னு சொல்லட்டும்? தீட்டோட உங்க பொண்ணு வளைகாப்புல சேவை பிழிஞ்சேன்னா? அந்தப் பொண்ணுக்கு நாளைக்குப் பிரசவத்துல ஒரு தலைவலி வந்தாக்கூட நான்தான் காரணம்னு ஆயிடும்.”

“அப்போ அடுத்த மாசம் பேசாம உக்காந்துடுங்கோ.”

“ஐயோ கலைஞ்சுடுத்தேன்னு ஆறு குடித்தனமும் அந்த நடையில நின்னு அழும். என்னால முடியாதுடி. அவர் முகத்தையும் பாக்க முடியாது.” கல்லிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். “வயிறு தெரியலையேன்னு யாராவது கேக்கறதுக்குள்ள ஒரு வீடு கிடைச்சாகணும். யார் கண்ணும் படாம ஒரு ரூம். அங்க போய் எது வேணும்னாலும் ஆகட்டும்.”

அதற்கப்புறம் அவள் வீடு பார்த்த வேகம் வேறு. மாசியிலும் மறைத்தாள், பங்குனியிலும் மறைத்தாள். எப்படிச் சமாளித்தாள் என்பது பெண்களுக்குப் புரியும், நான் விவரிக்கப் போவதில்லை. ராத்திரியில் தூக்கம் கிடையாது, பகலில் இருப்புக் கிடையாது. போதாக்குறைக்கு மாமாவும் சேர்ந்துகொண்டார். இத்தனை வருஷம் “இந்த ஆத்துக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு, “கிளம்பலாமா?” என்று நிற்பார். ஒவ்வொரு வீட்டிலும் அவர் அண்ணாந்து பார்ப்பார். உத்தரத்தில் தூளி கட்ட வளையம் இருக்கிறதா என்று தேடுவார். அவள் கொல்லையைப் பார்ப்பாள். நடுவில் நான் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பங்குனியில் வீட்டுக்கார அம்மாளின் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை, கொழுகொழுவென்று. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்பதைச் சாஸ்திரம் பேசுகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

இதற்குள் யுத்தத்தில் சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று, ஜப்பான்காரன் மதராஸில் குண்டு போடப் போகிறான் என்று ஊர் கிடுகிடுத்தது. சித்திரையில் பட்டணமே மூட்டை கட்டியது. எழும்பூர் ஸ்டேஷனில் கூட்டம் ஒருவர் தோள்மேல் ஒருவர். வாசலுக்கு வாசல் பூட்டு, பலகை. நேற்றுவரை குடித்தனக்காரரை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட வீட்டுக்காரர்கள், யாராவது வந்து இருந்தால் போதும் என்று கெஞ்சினார்கள். ஊர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருக்க, மாமி ஒருத்தி மட்டும் வீடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். “குண்டு வுயப் போவுதுன்னு அவனவன் ஓடிக்கினு கீறான், நீ ஊடு கேக்குறியே தாயி!” என்றவர், கொஞ்சம் யோசித்து, “அந்தத் தியாராய நகர் பெரியவரு ஞாபகம் கீதா? காத்து இல்லன்னு சொல்லிட்டு வந்தியே, அவருதான். குடும்பத்தோட ஊருக்குப் போறாரு. ஆளு வேணுமாம்” என்றார்.

மாமி அன்றைக்கே போனாள். மாடி காலி. பின்படியில் இறங்கி வர ஆள் இல்லை. பக்கத்து வீடு பூட்டு, எதிர் வீடு பூட்டு. பெரியவர் சாவியை நீட்டி, “வாடகை கிடக்கட்டும் அம்மா. பூட்டிக் கிடந்தா பாழாயிடும். சாயங்காலம் ஒரு விளக்கு ஏத்தி வையுங்கோ, வெளிச்சம் வெளியில தெரியாம. அது போறும்” என்றார். காற்று பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் அவளை வழியனுப்பியதுதான் கொடுமை. ஒவ்வொருத்தியும் தன் ரயிலுக்குப் போகும் அவசரத்திலும் அவளுக்கு ஒரு ஊறுகாய், ஒரு லேகியம், ஒரு புத்திமதி கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாள் அவள் வயிற்றைத் தொட்டு, “நல்லபடியா பெத்துப் பொழைச்சு வாடி” என்று கண்கலங்கினாள். மாமி விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

சாமானை ஏற்றிய வண்டிக்காரன், “எக்மோருக்குத்தானே சாமி?” என்றான்.

“இல்லைப்பா, மாம்பலம்” என்றார் மாமா.

“மாம்பலத்துல ரயில் ஏறப் போறியா?”

“ரயில் ஏறலை. குடி போறோம்.”

வண்டிக்காரன் மாட்டை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். “இன்னா சாமி, ஊரே காலியாவுது, நீ அம்மிக்கல்லோட போய்க் குந்தப் போறியா?” மாமா சிரித்தார். அப்பா ஆகப் போகிறவரை அந்த நாளில் குண்டு போட்டால்கூடச் சிரிப்பிலிருந்து இறக்கியிருக்க முடியாது.

அந்த வீடும் அவளுக்கு நிலைக்கவில்லை. ஒரு வருஷம் போனதும் பயம் தெளிந்து பெரியவர் திரும்பி வந்துவிட்டார். சண்டை முடிந்து, போன ஜனத்தோடு புது ஜனமும் சேர்ந்து வந்து பட்டணத்தில் கோழிக்கூண்டு அளவு இடத்துக்கு அடிதடி நடந்த காலத்தில், மாமியைத் தேனாம்பேட்டையில் பார்த்தேன். அப்போதும் ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தாள். “உள் சின்னதுதான். ஆனா பின்னாடி ஒரு கதவு இருக்குடி” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. குழந்தை பிறக்கவே இல்லை அவளுக்கு.

நான் சொல்ல வந்தது தியாகராய நகர் வீட்டில் அவள் குடிபுகுந்த மூன்றாம் நாளைப் பற்றி.

மறுநாள் எனக்கு ரயில். சொல்லிக்கொள்ளப் போனேன். மத்தியானம் தாண்டியிருந்தது. என் கணவர் ஆபீஸ் முடிந்து வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. கூடத்தில் மாமியைக் காணோம். குரல் மட்டும் பின்கட்டிலிருந்து வந்தது.

“தள்ளியே நில்லுடி. வந்துடுத்து.”

அந்த அறைக்குள் ஒரு பாய், ஒரு தலைகாணி, ஒரு தம்ளர். எத்தனையோ தெரு அலைந்து தேடிய அறை. அதில் அவளுக்கு உட்கார முடியவில்லை. சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள்.

“மூணு மாசமா மறைச்சேன். இங்க வந்தா மறைக்க வேண்டாம்னு நினைச்சேன். அவர்கிட்ட என்ன சொல்லப் போறேன்? போயிடுத்துன்னு சொல்லிடட்டுமா? சொல்லிட்டா முடிஞ்சுடும். இல்லையா?”

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. “உங்களுக்கு எது சரின்னு படறதோ” என்று முனகினேன். “நீ போயிடாதே, அவர் வரவரைக்கும் இரு” என்றாள். நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே மாமா வந்துவிட்டார். கையில் ஒரு தூளிக்கட்டை. துணி மடங்காமல் விரித்துப் பிடிக்க நடுவில் மாட்டுவார்களே, அது. சிவப்பும் பச்சையுமாக வர்ணம். “பாத்தியா, கடையைக் காலி பண்ணிண்டு போறான், பாதி விலைக்குக் குடுத்தான்” என்று என்னிடம் காட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். சமையலறையில் அடுப்பு எரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போனார்.

அறை வாசற்படியில் அவர் நிற்பது தெரிந்தது. பிறகு அவரே, “போயிடுத்தா?” என்று கேட்டார். அவளுக்குச் சுலபமாகத்தான் செய்து கொடுத்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“போகலை. வரவே இல்லை” என்றாள் மாமி.

எல்லாவற்றையும் சொன்னாள். நடையையும் சொன்னாள், நின்று நின்று ‘ப்ச்’ கொட்டியவர்களையும் சொன்னாள், வளைகாப்பையும் சொன்னாள். அழவில்லை. மளமளவென்று, எங்கேயாவது நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போய்விடும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். மாமா இடையில் ஒரே ஒரு தடவை, “ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே” என்றார். யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளி இறங்குகிற சத்தம், ஏறுகிற சத்தம், மறுபடி இறங்குகிற சத்தம். ஒரு ஆள் கை கால் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பெண்டாட்டியைப் பிறந்தகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மாமா ஈரத்தோடு வந்து அடுப்பை மூட்டினார். சாதம் வடித்தார், ரசம் வைத்தார், அப்பளம் சுட்டார். “நீயும் சாப்பிடேம்மா” என்றார் என்னிடம். எனக்கு வேண்டியிருக்கவில்லை. தூரமானவளுக்குச் சாதம் போடுகிறவர்கள் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார்கள். அவள் எட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். மாமாவும் தட்டை வாசற்படியில் வைத்தார். பிறகு திரும்பி வந்து இன்னொரு தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு போய், வாசற்படியைத் தாண்டி, அவளுடைய பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

“என்ன பண்றேள்?” மாமி பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “தள்ளிப் போங்கோ. யாராவது பாத்துடப் போறா!”

பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். எழுந்து, சத்தம் போடாமல் வாசல் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அதனால் மாமா சொன்னது அங்கேவரை கேட்டது.

“யார் இருக்கா பாக்கறதுக்கு? இதுக்குத்தானேடி இத்தனை வீடு பாத்தே. உக்காரு, சாப்பிடு.”